முன் சீட் மரியாதை

கறுப்பு டாஷ்போர்டு வைத்த வண்டி வாங்காதீர்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன். தூசி உடனே தெரியும். சாம்பல் நிறமோ பழுப்போ இருந்தால் வாரத்துக்கு ஒருமுறை துடைத்தால் போதும். கறுப்பு அப்படியில்லை. காலையில் துடைத்துவிட்டு மாலையில் பார்த்தால் யாரோ மாவு சலித்துவிட்டுப் போனது போல இருக்கும். அப்படியும் நான் கறுப்பைத்தான் வாங்கினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

நீங்கள் வண்டிக் கம்பெனியின் இன்ஜினியர், இதையெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காவல் நிலையத்துக்குப் பின்னால் நிறுத்தியிருக்கும் என் வண்டியின் டாஷ்போர்டை நாளைக்குக் கழற்றிப் பார்க்கப் போகிறீர்கள். என் மனைவி கொடுத்த புகாரின் பேரில்தான் வருகிறீர்கள். விபத்தில் ஸ்டியரிங்கில் இருந்த ஏர்பேக் திறந்தது, பக்கத்து சீட்டுக்கான ஏர்பேக் திறக்கவில்லை, அதனால்தான் தன் அண்ணன் இறந்துபோனார் என்பது அவள் புகார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவளுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். அந்த ஏர்பேக் திறக்கவில்லை, ஏனென்றால் அது அங்கே இல்லை.

மூடியைக் கழற்றியதும் உங்களுக்கே தெரிந்துவிடும். அதற்கு முன்னால் நானாகவே சொல்லிவிடுவதுதான் நாணயம் என்று பட்டது. ஒரு கம்பெனியின் மேல் வீண்பழி விழக் கூடாது இல்லையா. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

நான் டைல்ஸ் ஷோரூம் ஒன்றில் மேனேஜர். இந்த வேலையில் இருப்பவனுக்குக் கண் கெட்டுப்போய்விடும். எந்த வீட்டுக்குப் போனாலும் ஆட்களைப் பார்ப்பதற்கு முன் தரையைத்தான் பார்ப்பான். இரண்டு டைல்ஸ் கல் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்ப்பான். கார் வாங்கப் போனபோதும் நான் அதைத்தான் செய்தேன். கதவுக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருக்கிறதா, டாஷ்போர்டின் மூடிகள் ஒன்றோடொன்று சேரும் கோட்டில் மேடு பள்ளம் இருக்கிறதா என்று நகத்தால் தடவிக்கொண்டே இருந்தேன். விற்பனை செய்யும் பெண் பொறுமை இழந்து, "சார், இன்ஜினைப் பாருங்க, மைலேஜ் கேளுங்க, எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. நீங்க என்ன இடுக்கையே பாத்துட்டு இருக்கீங்க?" என்றாள்.

மனைவிக்குச் சின்ன கார் போதும் என்ற எண்ணம். "நாம மூணு பேரு. அதுல ஒண்ணு அரை டிக்கெட். நமக்கு எதுக்குங்க இவ்வளவு உசரமான வண்டி, ஏறவே ஏணி வேணும் போல" என்றாள். எனக்கு எஸ்.யூ.வி.தான் வேண்டும். அதிலும் ரொம்பப் பெரியது எங்கள் தெருவில் திரும்பாது, சின்னது கண்ணில் நிற்காது. நடுத்தர அளவுதான் சரி. உயரத்தில் உட்கார்ந்து ஓட்டினால் சாலை கைக்குள் வந்ததுபோல இருக்கும். பாதுகாப்பும் அதிகம் என்று அவளிடம் சொன்னேன். பாதுகாப்பு என்றதும் அவள் ஒத்துக்கொண்டாள்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அப்பா இல்லாத வீட்டில் அவளை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். கடைசிவரை அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம், பெரிய கை, பெரிய சிரிப்பு. எங்கே நின்றாலும் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பார், அது பஸ்ஸில் வந்த பழக்கம். வண்டி வாங்கிய அன்று எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போனோம். கிளப்புவதற்கு முன் திரும்பி ஒவ்வொருவரையும் பார்த்து, "பெல்ட் போட்டாச்சா?" என்று கேட்டேன். போடாதவர் போடும்வரை காத்திருந்தேன். மச்சான் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மாப்ளே, நீங்க காரை ஓட்டறீங்களா, பிளேனை ஓட்டறீங்களா? அடுத்து சாக்லேட் தருவீங்களா?"

அன்றிலிருந்து அந்த வீட்டில் என் பெயர் பைலட். மனைவியின் உறவில் யார் வெளியே கிளம்பினாலும், "பைலட் ஓட்டினா பயமில்ல" என்பார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைப்பதற்கில்லை. ஷோரூமில் இத்தனை காலம் உழைத்தும் முதலாளி வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. வீட்டில் நான் சொல்லும் ஜோக்குக்கு மகள்கூடச் சிரிக்க மாட்டாள். இந்த ஒரு விஷயத்தில்தான் நானும் ஒரு ஆளாக இருந்தேன்.

வண்டியையும் அப்படித்தான் வைத்திருந்தேன். சர்வீஸ் ஒருமுறைகூடத் தள்ளிப்போனதில்லை. மரத்தடியில் நிறுத்த மாட்டேன், பறவை எச்சம் பெயிண்டைத் தின்றுவிடும். டயரில் காற்று குறைந்தால் வண்டி நடக்கும் நடையிலேயே எனக்குத் தெரியும். கதவுப் பையில் எப்போதும் மஞ்சள் நிறத்தில் மெத்தென்ற துணி ஒன்று இருக்கும். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அதை எடுத்து டாஷ்போர்டைத் துடைப்பேன்.

அந்தத் துணியில்தான் எல்லாம் தொடங்கியது. மச்சானின் மனைவிக்கு ஆபரேஷன். பள்ளி விடுமுறையாக இருந்ததால் உதவிக்கு என் மனைவி மகளையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். நான் குடோனிலிருந்து தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். மத்தியான வெயில் சாய்வாக உள்ளே விழுந்தது. டாஷ்போர்டின் அந்தக் கோடியில், பக்கத்து சீட்டுக்கு நேர் எதிரே, ஒரு விரல் ரேகை தெரிந்தது. சிக்னல் வரும்வரை பொறுத்திருக்கலாம். என்னால் முடியவில்லை. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, எட்டித் துடைத்தேன். நான் சாய்ந்த பக்கம் வண்டியும் சாய்ந்தது. ஓரமாக நின்றிருந்த சிமென்ட் லாரியின் பின்பக்கத்தில் போய் முட்டினேன்.

இரண்டு ஏர்பேக்கும் திறந்தன. வண்டிக்குள் எங்கும் வெள்ளைத் தூள். எனக்கு முதலில் வந்த நினைப்பு உயிர் பிழைத்தோம் என்பதல்ல, இதைத் துடைக்க எத்தனை துணி வேண்டும் என்பதுதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது. லாரிக்காரர் டீ கிளாஸோடு ஓடி வந்தார்.

"சார், ஒண்ணும் ஆகலையே? அந்தப் பை மட்டும் இல்லேன்னா மூஞ்சி இருந்திருக்காது. என்ன சார், தூங்கிட்டீங்களா?"

ஆமாம் என்றேன். துடைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்வதைவிடத் தூங்கிவிட்டேன் என்பது கௌரவமாக இருந்தது.

இன்சூரன்ஸ் மனைவியின் பெயரில் இருந்தது. அதில் போனால் முதல் செய்தி அவள் போனுக்குத்தான் வரும். அடுத்த நிமிடம் மச்சான் வீடு முழுக்கத் தெரியும். பைலட் நின்ற லாரியில் மோதினார், அதுவும் பட்டப்பகலில். யாரும் திட்ட மாட்டார்கள். சிரிப்பார்கள். பாசமாகச் சிரிப்பார்கள், ஆயுசுக்கும் சிரிப்பார்கள். அதனால் ஊருக்கு வெளியே இருந்த ஒரு தனிப் பட்டறையில் வண்டியை விட்டேன். மனைவி திரும்புவதற்குள் முடிய வேண்டும் என்றேன். பட்டறைக்காரர் எதற்கும் கவலைப்படாத மனிதர்.

"பானெட், பம்பர், லைட்டு எல்லாம் முடிச்சிடலாம் சார். ஸ்டியரிங்குக்குப் பை கறுப்புலேயே இருக்கு. பக்கத்து சீட்டுக்கும் ஒண்ணு இருக்கு. இதே மாடல், பின்னாடி நசுங்கின வண்டியிலேர்ந்து எடுத்தது. திறக்காத பை. என்ன, அதோட மூடி சாம்பல் கலரு."

அதைக் கொண்டுவந்து வைத்துக் காட்டினார். பொருத்தமாக உட்கார்ந்தது. வேலை செய்யும், உத்தரவாதம் என்றார். நான் சுவரில் ஒட்டிய கல்லைப் பார்ப்பதுபோலப் பின்னால் தள்ளி நின்று பார்த்தேன். முக்கால்வாசி கறுப்பு, நடுவில் ஒரு சாம்பல் துண்டு. கதவைத் திறந்ததும் யார் கண்ணிலும் படும்.

கறுப்பில் இல்லையா என்று கேட்டேன். மூடி மட்டும் இருக்கிறது, அது பார்வைக்காகச் செய்தது, பின்னால் பை வைத்தால் அது கிழிந்து வழிவிடாது என்றார். கறுப்பு நிறத்தில் பையோடு வேண்டுமென்றால் கம்பெனிக்குச் சொல்லி வரவழைக்க வேண்டும், நாளாகும்.

"இப்போதைக்கு மூடியைப் போடுங்க. பையை வரவழைச்சுடுங்க, அப்புறம் மாத்திக்கலாம்" என்றேன்.

"செஞ்சிடலாம் சார். எச்சரிக்கை லைட்டு எரியாம ஒரு வேலை பண்ணிடறேன், யாருக்கும் தெரியாது. அதுவரைக்கும் அந்த சீட்டுல யாரையும் உக்கார வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டதைச் செய்தார். மூடி அமைந்த விதத்தைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். நகத்தை ஓட்டினேன், எங்கும் தட்டவில்லை. ஒரே ஒரு குறைதான். கல் பதித்த பிறகு நாங்கள் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்போம், அடியில் கலவை சரியாகப் பிடிக்காத இடம் வெற்றுச் சத்தம் போடும். இந்த மூடியைத் தட்டியபோதும் அந்தச் சத்தம் வந்தது. உள்ளே எதையாவது அடைக்கச் சொன்னேன். பட்டறைக்காரர் சீட்டுப் பஞ்சு கொஞ்சம் வைத்தார். போதவில்லை. என் மஞ்சள் துணியையும் கொடுத்தேன். நாளைக்கு நீங்கள் திறக்கும்போது அது அங்கே இருக்கும்.

மனைவி திரும்பி வந்ததும் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து கூட்டி வரப் போனேன். அவள் வழக்கம்போல முன்னால் ஏறினாள். டாஷ்போர்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்து, "புதுசு மாதிரி இருக்கே. நான் இல்லேன்னா இதையே கட்டிக்கிட்டு இருந்திருப்பீங்க" என்றாள். நான் வண்டியை உருட்டிக்கொண்டு போனேன். சைக்கிள்காரர்கள்கூட எங்களை முந்திக்கொண்டு போனார்கள். வீடு வந்து சேர்ந்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை. மகளுக்குக் காரில் போனால் வாந்தி வரும். அதைச் சாக்காக வைத்து, "நீ பின்னாடி அவ பக்கத்துல உக்காரு, தலையைத் தாங்கிப் பிடிச்சா வாந்தி வராது" என்றேன். அவள் நெகிழ்ந்துபோனாள். குழந்தை மேல் அவருக்கு எவ்வளவு அக்கறை என்று தன் அண்ணனிடம் போனில் சொல்லிப் பெருமைப்பட்டாள். நான் பக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவமானமாக இருந்தது. கூடவே கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

சில வாரங்களில் பட்டறையிலிருந்து போன் வந்தது. கறுப்பு நிறப் பை வந்துவிட்டது, வண்டியைக் கொண்டுவந்து விடுங்கள், முழு டாஷ்போர்டையும் இறக்கி ஏற்ற வேண்டும் என்றார். அந்த வாரம் ஷோரூமில் சரக்குக் கணக்கெடுப்பு. அடுத்த வாரம் மகளுக்குக் காய்ச்சல். வண்டி எங்கே என்று மனைவி கேட்டால் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், இன்னொரு காரணமும் இருந்தது. ஒருமுறை பிரித்த டாஷ்போர்டு மறுபடி அதே மாதிரி உட்காராது. எங்காவது ஒரு மூலை தூக்கிக்கொள்ளும். எங்களுடையது அவ்வளவு சுத்தமாக அமைந்திருந்தது.

அந்தப் பெட்டி இன்னும் பட்டறையில்தான் இருக்கிறது. நேற்றுப் போய்ப் பார்த்தேன். ஒட்டிய டேப்கூடப் பிரிக்கவில்லை.

யாரையும் அந்த சீட்டில் உட்கார வைக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் காரில் முன் சீட் காலியாக இருந்தால் யாருக்கும் மனசு பொறுக்காது. குடோன் சூப்பர்வைசர் ஒருநாள் லிஃப்ட் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் முன்னால் ஏறி பெல்ட்டும் போட்டுவிட்டார். இறக்கிவிடும்வரை முன்னால் போகும் வண்டியையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தடவை அவர் ஏறியபோது அவ்வளவு படபடப்பு இல்லை. அதற்கடுத்த தடவை நாங்கள் கிரிக்கெட் பற்றிப் பேசிக்கொண்டு போனோம்.

என் அம்மா வந்திருந்தபோது முன் கதவைத் திறக்கப் போனார். "பின்னாடி உக்காருங்கம்மா, காலை நீட்டிக்கலாம்" என்று கையைப் பிடித்து அழைத்துப்போய் ஏற்றினேன். அன்று வீட்டு ஓனரும் எங்களோடு வந்தார். அவரை முன்னால் உட்கார வைத்தேன். வழியெல்லாம் அவர் பேசிய எதுவும் என் காதில் ஏறவில்லை. நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது அன்றுதான் எனக்கே உறைத்தது. என் மனைவி, என் மகள், என் அம்மா பின்னால். மற்றவர்கள் முன்னால். நான் உட்கார்ந்து திட்டம் போட்டதில்லை. ஆள் வந்து நின்றால் வாய் தானாகச் சொல்லிவிடும், நீங்கள் முன்னால் வாருங்கள் என்று. முன் சீட்டைக் கொடுத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? எல்லோரும் அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மனைவி வீட்டில் என்னைப் பற்றிப் பேச்சு.

மச்சான் வரும்போதெல்லாம் அவருக்கு அந்த சீட்தான்.

"நான் எங்க உக்காந்தா என்ன மாப்ளே? ஆயுசு பூரா மத்தவங்களுக்கு சீட்டு காட்டிட்டு நின்னுக்கிட்டே போனவன் நான்."

"நீங்க பெரியவங்க மச்சான். நீங்க முன்னாடி இருந்தாத்தான் எனக்குத் தெம்பு" என்பேன்.

உட்காருவார். உட்கார்ந்ததும் சீட்டை முன்னால் இழுத்துக்கொள்வார், பின்னால் இருக்கும் தங்கைக்குக் கால் வைக்க இடம் வேண்டும் என்று. அவர் முட்டி டாஷ்போர்டை இடிக்கும். கிளம்பும்போது டாஷ்போர்டை இரண்டு தட்டுத் தட்டி "ரைட், போலாம்" என்பார். பாட்டு வந்தால் அதிலேயே தாளம் போடுவார். ஒவ்வொரு தட்டும் எனக்குக் காதில் விழும். சத்தம் நன்றாகவே இருந்தது, வெற்றுச் சத்தம் இல்லை. பஞ்சும் துணியும் நல்ல வேலை செய்தன.

அவரை எனக்குப் பிடிக்காது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஒருமுறை டீ குடிக்க வண்டியை நிறுத்தியபோது அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"ஒண்ணு கேக்கணும் மாப்ளே. அன்னிக்கு உங்க சூப்பர்வைசரோட போனதை ரோட்டுல பாத்தேன், வேகமாத்தான் போனீங்க. நான் உக்காந்தா ஊர்ந்து போறீங்க. என்ன விஷயம்? எனக்கு ஏதாவது வியாதின்னு டாக்டர் உங்ககிட்ட சொன்னாரா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பாதி வாக்கியம் என் வாய்வரை வந்தது. மச்சான், இந்த வண்டியில் ஒரு குறை இருக்கிறது என்று தொடங்கியிருந்தால் போதும். அவர் சிரித்திருப்பார், என்னைக் கூட்டிக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போயிருப்பார், வீட்டில் யாரிடமும் மூச்சு விட்டிருக்க மாட்டார். எனக்கு அது அப்போதே தெரியும். "உங்களைப் பத்திரமா கொண்டுபோய்ச் சேர்க்கணும் இல்லையா" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்காரரிடம் இன்னொரு டீ கேட்டேன். "இந்த மனுசன் தங்கம்டா" என்று அவர் யாரிடமோ சொல்வதுபோல ரோட்டைப் பார்த்துச் சொன்னார்.

இனி அந்த நாள். மச்சான் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். குளியலறைக்குக் கல் எடுக்க வேண்டும். என் ஷோரூமிலேயே எடுக்கலாம் என்று எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். நிறம் பார்க்க என் மனைவியும் வந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் நிதானமாகத்தான் போனேன். முன்னால் போன மணல் லாரி திடீரென்று நின்றது. பிரேக்கை அழுத்தினேன், ஈரத்தில் சக்கரம் பிடிக்கவில்லை. அந்த விபத்தில் என் தவறு ஒன்றுமில்லை, போலீசும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். என் பக்கம் பை திறந்தது. கண்ணாடி உடைந்து நெஞ்சில் ஒரு கீறல், அவ்வளவுதான். பின்னால் இருந்த மனைவிக்குக் கையில் அடி.

மச்சான் பெல்ட் போட்டிருந்தார். சீட்டை முன்னால் இழுத்து வைத்திருந்தார். டாஷ்போர்டின் அந்த மூடியில் ஒரு விரிசல் விழுந்திருக்கும், நாளைக்குப் பார்ப்பீர்கள். அது அவர் தலை. கொஞ்ச நேரம் கழித்து, "பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். அவர் பேசியது அதுதான் கடைசி. ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தார்.

ஐ.சி.யூ. வாசலில் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"உங்க பக்கம் திறந்துச்சு. அண்ணன் பக்கம் ஏன் திறக்கல?"

தெரியவில்லை என்றேன். கம்பெனிக்காரர்களைத்தான் கேட்க வேண்டும் என்றேன். ஏதாவது பதில் சொல்ல வேண்டுமே என்று சொன்னதுதான். அவள் அதைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைக்கவில்லை. அண்ணனை எரித்துவிட்டு வந்த மறுநாளே கம்பெனிக்கு எழுத உட்கார்ந்துவிட்டாள். ஒரு கையால் தட்டினாள். எழுத்துப் பிழைகளை நான் பக்கத்தில் இருந்து திருத்தினேன். "நீங்க இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன்" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை.

இப்போது நீங்கள் வருவது தெரிந்ததும் அவளுக்குப் பெரிய தெம்பு. நாளைக்கு உண்மை வெளியே வந்துவிடும் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த மூடியைத் தட்டும் அவர் கை தெரிகிறது. செய்தது பெரும் பாவம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் போலீசில் மாற்றிச் சொல்லியிருக்கிறேன். மச்சான் வழக்கம்போலத் தானே முன்னால் ஏறினார் என்று எழுதிக் கொடுத்தேன். மனைவியும் மறுக்கவில்லை. அவளுக்கு அதெல்லாம் நினைவிலேயே இல்லை போலிருக்கிறது, எனக்கு நினைவிருக்கிறது.

அன்று மச்சானுக்கு முட்டிவலி. நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

"மாப்ளே, காலை மடக்கவே முடியல. நான் பின்னாடி உக்காந்து நீட்டிக்கறேன். பாப்பா முன்னாடி வரட்டும்."

மனைவி முன் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள்.

"அண்ணன் நிக்கும்போது நீ முன்னாடி உக்காந்தா நல்லாவா இருக்கு? பின்னாடி போ" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே வந்துவிட்டது. அவள் முகம் சுருங்கிக் காலை எடுத்துக்கொண்டாள்.

இவ்வளவு நாளும் இந்த இடத்தில் நிறுத்தி எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை, நான் என் மனைவியைக் காப்பாற்றினேன், எந்தப் புருஷனும் அதைத்தான் செய்வான் என்று. அவளிடமும் ஒருநாள் அப்படியே சொல்லிப் புரியவைக்கலாம் என்றுகூட நினைத்திருந்தேன். ஆனால் அதற்குப் பிறகு மச்சான் இன்னொன்றும் சொன்னார்.

"சரி விடுங்க, அவளைத் திட்டாதீங்க. நாங்க ரெண்டு பேரும் பின்னாடியே உக்காந்துக்கறோம். பேசிக்கிட்டே வரோம், நீங்க நிம்மதியா ஓட்டுங்க."

சொல்லிக்கொண்டே பின் கதவைத் திறந்துவிட்டார். இருவரும் பின்னால் உட்கார நிறைய இடம் இருந்தது. முன் சீட் காலியாக வந்திருக்கும். மூன்று பேரும் ஷோரூமுக்குப் போகாவிட்டாலும் வீட்டுக்காவது திரும்பியிருப்போம். அந்த மூடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அந்த நிமிடத்தில் எனக்கு நன்றாக நினைவிருந்தது. பட்டறைக்காரர் சொன்னதும் நினைவிருந்தது. நான் இறங்கி மழையில் சுற்றி வந்து, மச்சானின் கையைப் பிடித்து அழைத்துப்போய், முன் சீட்டில் உட்கார வைத்தேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு காலை மடக்கினார். "உங்க மரியாதைக்கு ஒரு அளவே இல்ல மாப்ளே" என்றார். பெல்ட்டை நானே இழுத்து மாட்டிவிட்டேன்.

மனைவிக்காக அதைச் செய்யவில்லை. அவள்தான் ஏற்கனவே பின்னால் உட்கார்ந்துவிட்டாளே. இரண்டு பேரும் பின்னால் உட்கார்ந்து, என் பக்கத்தில் யாரும் இல்லாமல் போனால், தெருவில் பார்க்கிறவர்கள் என்னை வாடகை டிரைவர் என்று நினைத்துவிடுவார்கள்.